தோற்றது டீம், குண்டாவது ரசிகன்... தெரியுமா?

222க்கு 0! கபடி ஸ்கோர் இல்லை, கிரிக்கெட் ஸ்கோரும் இல்லை. ஒரு கல்லூரி டீம் வெளியூர் போய் ஃபுட்பால் ஆடி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த ஸ்கோர்! 1916 அக்டோபர் 7. அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் ஜார்ஜியா டெக் அணி, டென்னசி மாநிலத்திலிருந்து ரயிலேறி வந்த கம்பர்லேண்ட் கல்லூரி அணியை இப்படிப் போட்டுத் துவைத்தது. நூறு வருஷம் தாண்டியும் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் இந்த ரெக்கார்டை யாராலும் அசைக்க முடியவில்லை. (அங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டம். காலுக்கு வேலை குறைவுதான். பெயர் வைத்தவர்களைத்தான் கேட்க வேண்டும்.)

இதில் பெரிய கூத்து என்ன தெரியுமா? கம்பர்லேண்டுக்கு அந்த வருஷம் டீமே கிடையாது! ஃபுட்பாலுக்கு மூடுவிழா நடத்தியாகிவிட்டது. ஆனால் ஆட வருகிறோம் என்று கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டும் உயிரோடு இருந்தது. வராவிட்டால் 3,000 டாலர் அபராதம், வந்தால் 500 டாலர் கையில். அன்றைய 3,000 டாலர் என்பது ஒரு சின்னக் கல்லூரியைக் கதறவைக்கும் தொகை. ஜார்ஜ் ஆலன் என்ற மாணவர், சட்டம் படித்துக்கொண்டிருந்த சிநேகிதர்களாகப் பார்த்துப் பத்துப் பதினைந்து பேரைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார். ஆட்டத்தின் முதல் கால்பகுதியிலேயே 63–0. இடைவேளையில் 126–0. பிற்பாதி நேரத்தைக் குறைத்துக்கொள்ள எதிரணி கோச் ஜான் ஹெய்ஸ்மன் ஒப்புக்கொண்டதால்தான் 222ஓடு நின்றது! அதற்கு முன் நடந்த பேஸ்பால் ஆட்டத்தில் கம்பர்லேண்ட் தங்களை 22–0 என்று அடித்ததற்கு அவர் தீர்த்துக்கொண்ட பழி இது என்பார்கள். இரக்கமே இல்லாத அந்த மனிதரின் பெயரில்தான் இன்றைக்கும் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்குக் கோப்பை கொடுக்கிறார்கள்.

சரி, அட்லாண்டா கதை கும்மிடிப்பூண்டிக்கு எதற்கு என்கிறீர்களா? அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம்ம ஊர் ஃபுட்பால் டீமான சென்னையின் எஃப்சியின் சொந்த மைதானம் பெரியமேடு நேரு ஸ்டேடியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற ரசிகருக்கு அந்த 'ஹோம் மேட்ச்' எவ்வளவு தூரம் தெரியுமா? சுமார் 45 கிலோமீட்டர்! கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர், நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர், விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, பேசின் பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாக நின்று நின்று மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் வந்து சேர வேண்டும். திருவள்ளூர்க்காரருக்கும் ஏறக்குறைய அதே கதைதான். திருநின்றவூர், ஆவடி, அம்பத்தூர், பெரம்பூர் வழி. ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். ஆக, திருவள்ளூர் மாவட்டத்துக்காரருக்கு ஹோம் மேட்ச்சே அவே மேட்ச்தான்! தோற்றால் ஆட்டக்காரர் ஏசி பஸ் ஏறி ஹோட்டலுக்குப் போய்விடுவார். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணூர்க் காற்றை மூக்கில் வாங்கிக்கொண்டு வீடு வந்து, மறுநாள் காலை ஆறு மணி ஷிஃப்ட்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுபவர் ரசிகர்தான்.

தோல்வி யார் உடம்பில் இறங்குகிறது என்று உலகம் முழுக்க ஆராய்ச்சி பண்ணியிருக்கிறார்கள். முடிவைக் கேட்டால் ஆடிப்போவீர்கள்!

1994 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். பிரேசிலும் இத்தாலியும். ராபர்ட்டோ பாஜியோ பெனால்டியை வானத்துக்கு அடித்தாரே, அதேதான். அன்றைக்கு ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் ரசிகர்களின் எச்சிலைச் சேகரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் கால் பங்குக்கு மேல் எகிறியிருந்தது. இத்தாலி ரசிகர்களுக்குக் கிட்டத்தட்ட அதே அளவு சரிந்திருந்தது! இத்தனைக்கும் ஒருவரும் பந்தைத் தொடவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள்.

இன்னொன்று. பிரிட்டனில் சுமார் 32,000 பேரின் செல்போனில் ஒரு ஆப்பைப் போட்டுவிட்டு, 'இப்போது எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறீர்கள்?' என்று அவ்வப்போது கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து ஃபுட்பால் ரசிகர்களைப் பிரித்தெடுத்து, 2018இல் டால்டன், மெக்கெரன் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். நம் டீம் ஜெயித்தால் அடுத்த ஒரு மணி நேரத்துக்கு மகிழ்ச்சி 3.9 புள்ளி ஏறுகிறது. தோற்றால்? 7.8 புள்ளி இறங்குகிறது! கரெக்டாக இரண்டு மடங்கு! பாதி ஜெயித்துப் பாதி தோற்கும் டீமுக்கு ரசிகராக இருப்பது சுத்த நஷ்ட வியாபாரம் என்று சேட்டு கடைக் கணக்குப்பிள்ளைகூடச் சொல்லிவிடுவார். ஆனாலும் விடமாட்டேன் என்கிறோமே!

இதயத்தையும் விடவில்லை. 2006 உலகக் கோப்பை ஜெர்மனியில் நடந்தபோது, ஜெர்மனி ஆடிய நாட்களில் மியூனிக் வட்டாரத்தில் மாரடைப்பு, நெஞ்சுவலி என்று அவசர சிகிச்சைக்கு வந்தவர்கள் வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆண்களை மட்டும் எடுத்தால் 3 மடங்குக்கும் மேல்! ஆகவே அப்பா, பெரியப்பா யாராவது பெனால்டி ஷூட்அவுட் பார்த்துக்கொண்டிருந்தால் மாத்திரை போட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

இப்போது சிப்காட் கேட்டுக்கு எதிரே உள்ள ஏதாவதொரு டீக்கடைக்கு வாருங்கள். ஷிஃப்ட் மாறுகிற நேரம். ஒருத்தர் இறங்குகிறார், ஒருத்தர் ஏறப்போகிறார்.

"நேத்து மேட்ச் என்னாச்சுண்ணே?"

"முதல் பாதி செமயா ஆடினோம்டா தம்பி. ஒரு கோல் போட்டு லீட்ல இருந்தோம். அப்புறம் வழக்கம்போலத் தோத்துட்டானுங்க."

கவனித்தீர்களா? ஆடியது நாம், லீடில் இருந்தது நாம், தோற்றது மட்டும் அவர்கள்! இதையே அமெரிக்காவில் ராபர்ட் சியால்டினி என்ற உளவியலாளர் 1976இலேயே ஆராய்ந்து எழுதிவிட்டார் தெரியுமா? ஏழு பெரிய பல்கலைக்கழகங்களில் திங்கட்கிழமை காலை வகுப்பறையில் நின்று எண்ணினார்கள். சனிக்கிழமை தங்கள் கல்லூரி ஃபுட்பால் டீம் ஜெயித்திருந்தால் கல்லூரிப் பெயர் போட்ட சட்டையோடு வருகிற மாணவர்கள் அதிகம். தோற்றிருந்தால் அந்தச் சட்டை பீரோவுக்குள் போய்விடுகிறது! போனில் கூப்பிட்டுக் கேட்டபோது, வெற்றியைச் சொல்லும்போது 'நாம்' என்றவர்கள் தோல்வியைச் சொல்லும்போது 'அவர்கள்' பக்கம் தாவினார்கள். என் கணிப்பு, நீல ஜெர்சியைத் துவைத்துக் காயப்போடும் தேதியை வைத்தே நம்ம ஊரிலும் இந்தக் கணக்கை எடுத்துவிடலாம்.

தோற்ற அன்றைக்கு ரெஃப்ரியைத் திட்டாத ரசிகர் உண்டா? 'அவன் ஊரு ரெஃப்ரி, அப்படித்தான் விசிலடிப்பான்' என்று புலம்புபவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். அவர் சொல்வதில் பாதி நிஜம்! 2002இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தகுதி பெற்ற 40 நடுவர்களை உட்காரவைத்து லிவர்பூல் ஆடிய ஒரு மேட்ச்சின் காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பாதிப் பேருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மீதிப் பேருக்குச் சத்தமே இல்லாமல். அதே தள்ளுமுள்ளு, அதே கால்கள். சத்தம் கேட்டவர்கள் உள்ளூர் அணிமீது கொடுத்த ஃபவுல் 15.5 சதவீதம் குறைவு! காசு வாங்கவில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. காதில் விழுந்த சத்தம் விசிலை அடக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்கு இயற்கையே ஒரு பரீட்சை வைத்தது. 2020 மே மாதம் ஜெர்மனியின் பண்டஸ்லிகா, கொரோனா காரணமாகக் காலி மைதானத்தில் மறுபடி தொடங்கியது. என்ன ஆயிற்று தெரியுமா? உள்ளூர் அணிகளின் வெற்றி சடசடவென்று சரிந்தது! வெளியூர் அணிகள் வழக்கமாக வாங்கும் கூடுதல் மஞ்சள் அட்டைகளும் குறைந்தன. அதாவது, 'நாங்க கத்தித்தான் ஜெயிக்கவெச்சோம்' என்று தொண்டை கட்டிய குரலில் சொல்கிறாரே ரசிகர், அது வெறும் வீம்பு இல்லை.

ஆட்டக்காரர்களுக்கும் சொந்த மண் ஏதோ செய்கிறது. நார்தம்ப்ரியா பல்கலைக்கழகத்தின் நீவ், வுல்ஃப்சன் இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், சொந்த மைதானத்தில் இறங்கும் முன் வீரர்களின் டெஸ்டோஸ்டிரோன் எகிறுவதைக் கண்டார்கள். எதிரணி பரம வைரி என்றால் இன்னும் ஏறுகிறது! தன் எல்லைக்குள் அந்நியன் நுழைந்தால் விலங்குக்கு வருகிற அதே ஆவேசம்.

வெளியூர்க்காரனைக் கவிழ்க்க மனிதர்கள் பண்ணியிருக்கும் தில்லாலங்கடி வேலை ஒன்றா இரண்டா? அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எதிரணிக்கு ஒதுக்கும் உடைமாற்று அறை முழுக்க ரோஸ் கலர்! ஹேடன் ஃப்ரை என்ற கோச், உளவியல் படித்தவர், ரோஸ் நிறம் ஆளைச் சாந்தமாக்கும் என்று நம்பி அடிக்கவைத்தார். பிறகு மைதானத்தைப் புதுப்பித்தபோது கழிப்பறைப் பீங்கானைக்கூட ரோஸில் போட்டார்கள்! கடுப்பான மிச்சிகன் கோச் சுவர் முழுக்கக் காகிதம் ஒட்டி மறைத்தாராம். இங்கிலாந்தின் நார்விச் சிட்டி 2018இல் இதையே காப்பியடித்தது. நிறத்துக்கு நிஜமாகவே அந்தச் சக்தி உண்டா என்பது வேறு விஷயம். எதிரணி கோச்சின் ஒரு மணி நேரத்தைக் காகிதம் ஒட்டவே செலவழிக்கவைத்தது சக்திதானே!

பொலிவியாவுக்கு பெயின்ட் டப்பாவே தேவையில்லை. அவர்களுடைய லா பாஸ் மைதானம் கடல்மட்டத்திலிருந்து 3,600 மீட்டருக்கு மேலே இருக்கிறது. ஊட்டி தொட்டபெட்டாவைவிட ஆயிரம் மீட்டர் உயரம்! 2009 ஏப்ரல் 1 அன்று அர்ஜென்டினா அங்கே போய் 6–1 என்று தோற்றது. கோச் யார் தெரியுமா? மாரடோனா. ஆடியவர்? மெஸ்ஸி! தேதியைப் பார்த்து, சும்மா ஏமாற்றுகிறார்கள் என்று எத்தனை பேர் நினைத்தார்களோ.

வெளியூர் ஆட்டம் இவ்வளவு கஷ்டம் என்பதால்தான் ஐரோப்பியப் போட்டிகளில், மொத்த கோல் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்று 1965இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். 2021இல் தூக்கிவிட்டார்கள்.

இனி நம்ம கதை. கொஞ்சம் நின்று சொல்ல வேண்டிய கதை.

2015 டிசம்பர். பூண்டியும் செம்பரம்பாக்கமும் நிரம்பி வழிந்து, திருவள்ளூர் மாவட்டமும் சென்னையும் தண்ணீரில் மிதந்த நாட்கள். அதே நேரத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) அரையிறுதி! அந்த சீசனில் ஒரு கட்டத்தில் அட்டவணையின் அடிமட்டத்தில் கிடந்த சென்னையின் எஃப்சி, கோச் மெட்டராட்சியின் தலைமையில் எழுந்து அரையிறுதிக்கு வந்திருந்தது. (2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் நெஞ்சில் முட்டு வாங்கினாரே, அவரேதான்!) வெள்ளத்தால் சொந்த மைதானத்தில் ஆட வழியில்லை. 'ஹோம் மேட்ச்'சைத் தூக்கிக்கொண்டு போய் எங்கே வைத்தார்கள் தெரியுமா? புனேயில்! அங்கே அட்லெடிகோ டி கொல்கத்தாவை 3–0 என்று வீழ்த்தினார்கள். டிசம்பர் 16 அன்று கொல்கத்தாவில் இரண்டாவது ஆட்டம், 2–1 என்று தோல்வி. ஆனால் மொத்தக் கணக்கில் 4–2! வெளியூரில் தோற்றுவிட்டுக் குதித்துக் கும்மாளமிட்ட ரசிகர்களைப் பார்த்ததுண்டா? அன்றைக்குப் பார்த்திருக்கலாம்.

நான்கே நாளில், டிசம்பர் 20, இறுதி ஆட்டம். எதிரி எஃப்சி கோவா. மைதானமும் கோவாவின் சொந்த ஃபட்டோர்டா! 87ஆவது நிமிஷத்தில் கோவா 2–1 என்று முன்னிலை. ஊரே பட்டாசோடு தயார். 90ஆவது நிமிஷம், கோவா கோலி கட்டிமணியின் கையிலிருந்தே பந்து அவர் வலைக்குள் போனது. அடுத்த மூச்சு விடுவதற்குள் ஸ்டீவன் மென்டோசா ஒன்று போட்டார். 3–2! முழு மைதானமும் வாயடைத்துப்போனது.

இன்னும் ஆச்சரியம் கேளுங்கள். 2018 மார்ச் 17 அன்று சென்னையின் எஃப்சி தன் இரண்டாவது கோப்பையை வென்றது. எங்கே? பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு எஃப்சியை! ஒன்பதாவது நிமிஷத்திலேயே சுனில் சேத்ரி கோல் போட்டும், மைல்சன் ஆல்வெஸின் இரண்டு கோலும் அகஸ்டோவின் ஒன்றும் சேர்ந்து மறுபடி அதே 3–2. வாங்கிய இரண்டு ஐஎஸ்எல் கோப்பையும் எதிராளியின் சொந்த வீட்டு வாசலில் வாங்கியவை! அந்த சீசன் அணியில் இருந்த தனபால் கணேஷ் எந்த ஊர் தெரியுமா? வியாசர்பாடி. திருவள்ளூர் வண்டி தினமும் கடந்துபோகிற வியாசர்பாடிதான்!

அடுத்த சீசன் என்ன ஆனது? அட்டவணையில் கடைசி இடம். 18 ஆட்டத்தில் வெறும் 9 புள்ளி. சாம்பியன் பட்டம் வாங்கிய கையோடு பாதாளம். இந்த டீமுக்கு ரசிகராக இருக்க இதயம் மட்டும் போதாது.

2020 மார்ச் 14. மூன்றாவது இறுதி ஆட்டம், மறுபடி ஃபட்டோர்டா. கோவாவுக்குப் போக டிக்கெட் போட்டுவைத்திருந்தவர்களுக்குக் கொரோனா கதவைச் சாத்திவிட்டது. ஒரு ரசிகர்கூட இல்லாத மைதானத்தில் ஏடிகே 3–1 என்று ஜெயித்தது. சென்னை ரசிகர்களுக்குத் தோல்வியைவிட இன்றுவரை ஆறாதது, அன்றைக்குக் கூடவே நின்று தோற்க முடியவில்லையே என்பதுதான். 

புனே விஷயத்துக்கு ஒரு வால் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தால் சென்னை சூப்பர் கிங்ஸின் ஹோம் மேட்ச்களையும் புனேக்கே மாற்றினார்கள்! 'விசில் போடு எக்ஸ்பிரஸ்' என்று தனி ரயிலே விட்டு, சென்னை சென்ட்ரலிலிருந்து ஆயிரம் பேர் போலக் கிளம்பிப் போனார்கள். ராஜஸ்தானை 64 ரன்னில் தோற்கடித்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். அடி விழும்போதெல்லாம் ஓடிப்போய் ஒதுங்க, சென்னை அணிகளுக்குப் புனே தாய்மாமன் வீடு போலிருக்கிறது.

சிப்காட்டில் வேலை பார்க்கும் வங்காளத்துத் தோழர்களுக்கு இன்னொரு கதை. 2019 மார்ச் 9, ஐ-லீக் கடைசி நாள். ஈஸ்ட் பெங்கால் அணி கோழிக்கோட்டுக்கு வந்து கோகுலம் கேரளாவை 2–1 என்று ஜெயித்தது. வெளியூரில் வெற்றி! ஆனால் அவர்களின் ரசிகர்கள் கண்ணீரோடு ரயிலேறினார்கள். ஏன் தெரியுமா? அதே நேரத்தில் கோயம்புத்தூரில் சென்னை சிட்டி எஃப்சி முதலில் ஒரு கோல் வாங்கிவிட்டுப் பிறகு மினர்வா பஞ்சாபை 3–1 என்று தட்டித் தூக்கிவிட்டது! 43 புள்ளிக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்தக் கடனைத் தீர்த்ததும் ஒரு தமிழர்தான். பரம வைரி மோகன் பகானிடம் தொடர்ந்து எட்டு டெர்பி தோற்றுத் தலை கவிழ்ந்திருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு, 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்ட் கோப்பையில் ஒற்றைக் கோல் போட்டு மானத்தைக் காப்பாற்றியவர் சென்னைப் பையன் நந்தகுமார் சேகர்! உங்கள் லைனில் ஒரு பெங்காலி அண்ணன் இருந்தால் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், டீ அவர் கணக்கு.

வெளியூர் வரை வந்து ஏமாந்த ரசிகர்களுக்குக் காசு திருப்பிக் கொடுத்த கதையும் உண்டு தெரியுமா? இங்கிலாந்தில் 2009 நவம்பரில் டாட்டன்ஹாமிடம் 9–1 என்று விகன் தோற்றது. வந்திருந்த ரசிகர்களின் டிக்கெட் காசை ஆட்டக்காரர்களே கைக்காசு போட்டுத் தருவதாக அறிவித்தார்கள்! 2014இல் சவுத்தாம்ப்டனிடம் 8–0 வாங்கிய சண்டர்லேண்ட் வீரர்களும் அப்படியே செய்தார்கள். நம்ம ஊரில் இந்த வழக்கம் வந்தால் முதல் வரிசையில் நிற்கப்போவது கும்மிடிப்பூண்டி சீசன் டிக்கெட்காரர்கள்தான்!

ஆனால் தோல்வியின் சில்லறை ரசிகரோடு நிற்பதில்லை. இதைக் கேட்டால் சிரிப்பு நின்றுவிடும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் 1996 முதல் 2012 வரையிலான சிறார் வழக்குகளை ஓஸ்கான் எரென், நாசி மோகன் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அலசினார்கள். ஜெயிக்கும் என்று எதிர்பார்த்த எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் யூனிவர்சிட்டி) ஃபுட்பால் டீம் சனிக்கிழமை தோற்றுவிட்டால், அடுத்த வாரம் நீதிபதிகள் கொடுத்த தண்டனை நீண்டுபோனது! அதுவும் எந்த நீதிபதிகள்? அதே கல்லூரியில் படித்தவர்கள். கூண்டில் நின்ற பையனுக்கு ஸ்கோர்கூடத் தெரிந்திருக்காது. பங்குச் சந்தையும் தப்பவில்லை. உலகக் கோப்பையிலிருந்து ஒரு நாடு தோற்று வெளியேறினால், மறுநாள் அந்த நாட்டுப் பங்குகள் சராசரியாக அரை சதவீதம் சரிகின்றன என்று 2007இல் கண்டுபிடித்தார்கள்.

மிகப் பெரிய அடி வாங்கியவர்கள் என்ன ஆனார்கள்? 1885 செப்டம்பர் 12 அன்று ஸ்காட்லாந்தில் போன் அக்கார்ட் என்ற டீம் ஆர்ப்ரோத் ஊருக்குப் போய் 36–0 என்று தோற்றது. அதே நாள், பக்கத்து டண்டீயில் இன்னொரு வெளியூர் டீம் 35–0! ஒரே நாளில் 71 கோல்! டண்டீ ஆட்டத்தில் ரெஃப்ரி 37 என்று எண்ணியதாகவும், ஜெயித்த அணிக்காரரே 'இல்லை சார், 35தான்' என்று நேர்மையாகத் திருத்தி உலக சாதனையைக் கோட்டைவிட்டதாகவும் ஒரு கதை உலவுகிறது. 2001 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவில் போய் 31–0 வாங்கியது அமெரிக்கன் சமோவா. அன்றைக்கு கோல் முன்னால் நின்ற நிக்கி சலாபு, பத்து வருஷம் கழித்தும் வந்து நின்றார். 2011 நவம்பரில் டோங்காவை 2–1 என்று வென்று, ஃபிஃபா ஆட்டங்களில் தன் நாட்டின் முதல் வெற்றியைப் பார்த்தே விட்டார்!

நம் இந்தியாவும் சளைத்ததில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பிரான்ஸிடம் 2–1 என்று தோற்றோம். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டும்! அன்று நாம் போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. 1955இல் மாஸ்கோவில் சோவியத் யூனியனிடம் 11–1! இனி எழ மாட்டார்கள் என்று நினைத்தால், மறு வருஷமே மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4–2 என்று வென்று நான்காம் இடம். நெவில் டிசோசா ஹாட்ரிக்! 1962 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் தோல்வி. இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியா. அரசியல் தகராறால் லட்சம் இந்தோனேசியர்கள் நம்மை எதிர்த்துக் கூச்சல் போட்ட மைதானம். 2–1, தங்கம்! கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் கோல் அடிக்கும் இடத்தில் ஆடத் தொடங்கி, கோலைக் காக்கும் இடத்துக்கு வந்தவர்.

வெளியூர்க்காரரிடம் தோற்றபின் எப்படி நடந்துகொள்வது என்று உலகத்துக்கே பாடம் எடுத்தவர்கள் யார் தெரியுமா? சேப்பாக்கம் கிரிக்கெட் ரசிகர்கள்! 1999 ஜனவரி 31. முதுகு வலியோடு சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தான் 12 ரன்னில் ஜெயித்தது. ஒரு நிமிஷம் அமைதி. அப்புறம் மொத்த மைதானமும் எழுந்து நின்று கைதட்ட, பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தார்கள். அந்த நாட்டு வீரர்கள் சென்னை என்றால் இதை நினைவுகூர்வதுண்டு.

கடைசியாக, வயிறு. பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு படியுங்கள். 2013இல் கார்னில், ஷான்டோன் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அமெரிக்க ஃபுட்பால் ரசிகர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று கணக்கெடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை டீம் தோற்றால், திங்கட்கிழமை ஊர்க்காரர்கள் சாப்பிடும் கெட்ட கொழுப்பு 16 சதவீதம் ஏறுகிறது! ஜெயித்தால் 9 சதவீதம் இறங்குகிறது! ஜெயித்தவனுக்குச் சாலட் இறங்குகிறது, தோற்றவனுக்கு எண்ணெயில் பொரித்ததுதான் இறங்குகிறது.

இதற்கு அவர்களே ஒரு வைத்தியமும் சொல்லியிருக்கிறார்கள், பைசா செலவில்லை. வாழ்க்கையில் தனக்கு முக்கியமானவை எவை என்று ரசிகர்களை எழுதவைத்தார்கள். எழுதியவர்களுக்குத் தோல்விக்குப் பிறகு வருகிற அந்தப் பேய்ப்பசி வரவே இல்லை! ஆகவே அடுத்த முறை டீம் சொதப்பினால், பரோட்டாக் கடையில் சால்னா வாசனை இழுப்பதற்கு முன், ரயிலிலேயே செல்போனை எடுத்து நாலு வரி எழுதிவிடுங்கள். பிள்ளையின் படிப்பு, வீட்டுக் கடன், அம்மாவின் கண் ஆபரேஷன், எதுவானாலும் சரி. எழுதி முடித்தும் முதல் வரியில் டீம் பெயர்தான் நிற்கிறது என்றால், பேசாமல் ஒரு செட் பரோட்டா சொல்லிவிடுங்கள். உங்களை யாராலும் திருத்த முடியாது!